ரொட்டி சாப்பிடாதவரின் இலக்கணம்

பிரெஞ்சுக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ரொட்டிக்கூடை இல்லாமல் இருக்காது. அதை உங்கள் பக்கம் நகர்த்துகிறார்கள். நீங்கள் தலையசைத்து மறுக்கிறீர்கள். பகெத் ரொட்டி செய்யும் கைப்பக்குவத்தை 2022இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏற்றிய நாடு அது; வெறும் தலையசைப்போடு விடமாட்டார்கள், வாய் திறந்து ஏதாவது சொல்லியாக வேண்டும். சொல்ல வேண்டிய வாக்கியம் இதுதான்: ழெ நெ மான்ழ் பா தெ பேன். நான் ரொட்டி சாப்பிடுவதில்லை.

எழுத்தைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. இந்த வாக்கியத்தின் முதல் ஒலிக்குத் தமிழில் எழுத்து கிடையாது. ழான் பால் சார்த்தர், ழாக் தெரிதா என்று நம் சிற்றிதழ்கள் எழுதிப் பழக்கிய ‘ழ’வையே இங்கும் வைத்துக்கொள்கிறேன். ‘ஷ’ சொல்லும்போதே தொண்டையையும் அதிரவிட்டால் அந்த ஒலி வந்துவிடும். கடைசிச் சொல் தமிழ் எழுத்தில் ‘பேன்’ என்று விழுவதற்கு நான் பொறுப்பல்ல. அது ரொட்டிதான், தலையில் ஊர்வதல்ல.

ஆறு சொற்கள். ‘ழெ’ என்றால் நான், ‘மான்ழ்’ சாப்பிடுதல், ‘பேன்’ ரொட்டி. பொருள் உள்ள சொற்கள் அவ்வளவுதான். மீதி மூன்றும், அதாவது வாக்கியத்தில் பாதி, பிடி கொடுக்காத பொடிச் சொற்கள். வினைக்கு முன்னால் ‘நெ’, பின்னால் ‘பா’. ஒரு மறுப்புக்கு எதற்கு இரண்டு சொல்? ரொட்டிக்கு முன்னால் ஒரு ‘தெ’. அது எங்கிருந்து வந்தது? பாடப்புத்தகம் இவற்றை இரண்டு விதிகளாக, இரண்டு வேறு பாடங்களில் தரும். மறுப்பு வந்தால் வினையை ‘நெ’யும் ‘பா’வும் இருபக்கமும் அணைக்க வேண்டும் என்பது ஒன்று. உடன்பாட்டில் ரொட்டிக்கு முன்னால் வரும் ‘த்யூ’, மறுப்புக்குப் பின் ‘தெ’ ஆகிவிடும் என்பது மற்றொன்று. ஏன் என்று கேட்கும் மாணவருக்கு, அது அப்படித்தான் என்ற பதில் கிடைக்கும். மதிப்பெண்ணுக்கு அது போதும். ஆனால் இந்த மூன்று பொடிச் சொற்களும், ஏன் முதலில் நிற்கும் ‘ழெ’யும்கூட, ஒரே கதையின் துண்டுகள். ஒலி தேய்வதும், தேய்ந்த இடத்தில் பேசுகிறவர்கள் எதையாவது வைத்து அடைப்பதும், அடைத்தது மறுபடி தேய்வதுமான கதை அது.

கதை லத்தீனில் தொடங்குகிறது. ரோமானியர் காலத்து கால் நாட்டில், அதாவது இன்றைய பிரான்சில், சாதாரண ஆள் இதைச் சொல்லியிருந்தால் ஏறத்தாழ ‘பானெம் நோன் மாந்தூகோ’ என்று சொல்லியிருப்பார். மூன்றே சொற்கள்; ரொட்டி, மறுப்பு, வினை. ‘நான்’ எங்கே? ‘மாந்தூகோ’வின் கடைசி ஓகாரத்தில். சாப்பிடுகிறேன் என்பதன் ‘ஏன்’ போல. தமிழனுக்கு இதில் வியப்பே இல்லை; வரிசைகூட நம் வரிசைதான், ரொட்டி முதலில், வினை கடைசியில்.

இந்த ‘மாந்தூகோ’ நல்ல வீட்டுச் சொல் அல்ல. செந்நெறி லத்தீனில் சாப்பிடுவதற்கு ‘எதோ’ என்றொரு குட்டைச் சொல் இருந்தது. மாந்தூகோ என்றால் மெல்லுதல், குதப்புதல். கொஞ்சம் கொச்சை. ஆனால் ‘எதோ’ மிகச் சின்னது, அதன் வடிவங்களும் தாறுமாறானவை. தெருப் பேச்சு அதைக் கைவிட்டுக் குதப்புகிற சொல்லைப் பிடித்துக்கொண்டது. இன்று உலகின் மிக நாசூக்கான சமையலைப் பற்றிப் பேசும்போதும் பிரெஞ்சுக்காரர்கள் பயன்படுத்துவது அந்தக் கொச்சையின் வாரிசைத்தான். ‘பானெம்’ வேறு பக்கமும் பயணம் போனது. அதன் போர்ச்சுகீசிய வாரிசைத்தான் இலங்கைத் தமிழர்கள் ‘பாண்’ என்று காலையில் சம்பலோடு சாப்பிடுகிறார்கள்.

பிறகு தேய்மானம் தொடங்கியது. லத்தீனின் வாரிசு மொழிகளில் மிக மோசமாகத் தேய்ந்தது பிரெஞ்சுதான் என்று துணிந்து சொல்லலாம். கால் நாட்டு மக்கள் சொல்லில் ஓர் அசையை மட்டும் அழுத்திச் சொல்லிவிட்டு மற்றதை விழுங்கினார்கள். அழுத்தம் பெறாத கடைசி அசைகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. ‘பானெம்’ கடைசி அசையை இழந்து ஒற்றை அசையானது. பிறகு அதன் ‘ன்’னும் வாயில் நிற்காமல் மூக்குக்கு ஏறி, உயிரெழுத்தோடு கலந்துவிட்டது. இதைக் கேட்டு மலைக்க வேண்டியதில்லை. நேற்று வந்தேன் என்று நாம் பேச்சில் சொல்லும்போது கடைசி ‘ன்’னை யார் முழுசாகச் சொல்கிறோம்? ‘வந்தே’ என்று இழுத்து மூக்கில் விடுகிறோம். ‘நீ நேத்து வந்தே’ என்பதற்கும் ‘நான் நேத்து வந்தே(ன்)’ என்பதற்கும் நடுவே மூக்கு மட்டும்தான் நிற்கிறது. பிரெஞ்சு மூக்கொலிக்குப் பயப்படும் தமிழ் மாணவர் அதை வீட்டில் தினமும் பழகிக்கொண்டிருக்கிறார்.

வினைக்கு நடந்தது இன்னும் பெரிய சேதம். ‘மாந்தூகோ’வின் ஓகாரம் விழுந்தது. பழைய பிரெஞ்சில் ‘நான் சாப்பிடுகிறேன்’ என்பது ‘மான்ழ்யூ’ என்பது போல ஒலித்தது. ‘நாம் சாப்பிடுகிறோம்’ என்பதற்கு வேறு அடி. பின்னால் வந்த தலைமுறைகள் இந்த இரண்டடிக் குழப்பம் பொறுக்காமல் எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்த்துவிட்டார்கள். இன்று எழுத்தில் ‘நான்’ வடிவத்தின் கடைசியில் ஓர் ‘ஈ’ எழுத்து இருக்கிறது. அது லத்தீன் ஓகாரத்தின் எச்சம் என்று நினைத்தால் தவறு. மற்ற வடிவங்களைப் பார்த்துப் பிற்காலத்தில் ஒட்டவைத்தது. பிறகு அதுவும் ஒலிக்காமல் போய்விட்டது.

விளைவைக் காதால் கேட்டுப் பாருங்கள். நான் சாப்பிடுகிறேன்: ழெ மான்ழ். அவன் சாப்பிடுகிறான்: ஈல் மான்ழ். அவள்: எல் மான்ழ். அவர்கள்: ஈல் மான்ழ். நீ என்றாலும் மான்ழ்தான். ‘நாம்’, ‘நீங்கள்’ ஆகிய இரண்டுக்கு மட்டும் விகுதி கேட்கும். அதிலும் ‘நாம்’ என்பதற்குப் பேச்சில் இப்போது ‘ஓன் மான்ழ்’ என்றுதான் சொல்கிறார்கள். அங்கேயும் விகுதி போயிற்று. எழுத்தில் மட்டும் ‘நீ’க்கு ஓர் எஸ், ‘அவர்கள்’ வடிவத்துக்கு மூன்றெழுத்து ஒலியில்லா வால் என்று கல்லறைக் கற்கள் நிற்கின்றன. பிரெஞ்சுக் குழந்தைகள் சொல்வதெழுதுதலில் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் இந்தக் கற்களில் இடறித்தான். கேட்காத எழுத்தைச் சரியாக எழுதுவதை ஒரு வீரவிளையாட்டாகவே வளர்த்த நாடு அது. தொலைக்காட்சியில் புத்தக நிகழ்ச்சி நடத்திய பெர்னார் பிவோ 1985இல் தொடங்கிய எழுத்துக்கூட்டல் போட்டியில் பெரியவர்களும் வரிந்துகட்டிக்கொண்டு கலந்துகொண்டார்கள்.

விகுதி செத்ததால் ‘நான்’, ‘அவன்’ என்று முன்னால் சொல்ல வேண்டியதாயிற்று, ஆகவே ‘ழெ’ கட்டாயமாயிற்று. பல புத்தகங்கள் இப்படிச் சுருக்கமாக முடித்துவிடும். லத்தீனில் ‘எகோ’ என்று தனித்து, அழுத்தத்துக்கு மட்டும் வந்த சொல் ‘எஓ’, ‘ஜொ’ என்று தேய்ந்து ‘ழெ’ ஆனது என்பது உண்மை. பிரெஞ்சின் மிகப் பழைய எழுத்துச் சான்றான 842ஆம் ஆண்டின் ஸ்திராஸ்பூர் உறுதிமொழிகளிலேயே இடைப்பட்ட வடிவங்கள் இருக்கின்றன. சார்லமேனின் பேரன்கள் இருவர், மூன்றாவது சகோதரனுக்கு எதிராகப் படைகளின் முன்னிலையில் செய்துகொண்ட சத்தியம் அது.

ஆனால் காரணம் அவ்வளவு நேரானதல்ல. விகுதிகள் நன்றாகக் காதில் விழுந்துகொண்டிருந்த காலத்திலேயே பழைய பிரெஞ்சில் ‘ழெ’ பெருகத் தொடங்கிவிட்டது. வினை வாக்கியத்தின் இரண்டாம் இடத்தில் நிற்க வேண்டும் என்ற பழக்கம் அப்போது வலுவாக இருந்தது, முன்னால் வேறெதுவும் இல்லாதபோது ‘ழெ’ வந்து முதலிடத்தை நிரப்பியது என்று ஒரு விளக்கம் உண்டு. இதைவிட வலுவான மறுப்பு நம் வாயிலேயே இருக்கிறது. அறிவேன் என்றால் தெரியும் என்று பொருள், அறியேன் என்றால் தெரியாது. பழந்தமிழில் எதிர்மறை வினையும் ‘ஏன்’ விகுதியோடுதான் நின்றது. மறுப்புக்கென்று கேட்கும் உருபு எதுவும் அதில் இல்லை. அங்கே ஓர் ‘ஆ’ இருந்து கெட்டது என்று இலக்கண ஆசிரியர்கள் சமாதானம் சொல்வார்கள். இன்றைய தமிழிலோ ‘சாப்பிடவில்லை’. யார்? நானா, அவளா, நீங்களா, ஊரே சாப்பிடவில்லையா? விகுதி இல்லை. ‘இல்லை’ வந்து ஒட்டியதும் ஆள் போய்விட்டார். பேச்சில் ‘சாப்பிடல’ என்று இன்னும் ஒடுங்கிவிட்டது. ஆக, எதிர்மறையில் தமிழும் பிரெஞ்சு நிலைக்கு வந்துவிட்டது. ஆனாலும் ‘நான்’ நமக்குக் கட்டாயமாகவில்லை. சாப்பிட்டியா என்று கேட்டால் ‘இன்னும் சாப்பிடல’ என்கிறோம். யார் என்பதைச் சூழல் பார்த்துக்கொள்கிறது. விகுதி தேய்வது ஒரு காரணம். அதுவே முழுக் காரணம் அல்ல.

இனி மறுப்புக்கு வருவோம். எனக்கு இந்த வாக்கியத்தில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

லத்தீனின் ‘நோன்’ கனமான சொல். அழுத்தமில்லாத இடத்தில் நின்று நின்று அது ‘நெ’ ஆகக் குறுகியது. உயிரெழுத்துக்கு முன்னால் வெறும் ‘ந்’. ஒரு வாக்கியத்தின் பொருளையே தலைகீழாக்கும் பொறுப்பு ஒரு மெய்யெழுத்தின் தலையில். இதைக் காப்பாற்ற ஆள் தேவைப்பட்டது. அல்லது ஆட்கள் ஏற்கெனவே வேறு வேலையாக வந்திருந்தார்கள் என்றும் சொல்லலாம். எது முதலில் நடந்தது என்பதில் மொழியியலாளர்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு.

வந்த ஆட்களைத் தமிழர் உடனே அடையாளம் கண்டுகொள்வோம். ஒரு பருக்கைகூடச் சாப்பிடவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஓர் அடிகூட நகரமாட்டேன். பைசா பெயராது. பொட்டுத் தூக்கமில்லை. மறுப்புக்குச் சூடேற்ற நாம் உலகத்தின் மிகச் சிறிய பொருட்களைத் துணைக்கு அழைக்கிறோம். பழைய பிரெஞ்சும் இதையேதான் செய்தது. குடிக்கவில்லை என்றால் ஒரு ‘கூத்’, துளி. சாப்பிடவில்லை என்றால் ஒரு ‘மீ’, ரொட்டித் துணுக்கு. ஒரு ‘புவேன்’, புள்ளி. நடக்கவில்லை என்றால் ஒரு ‘பா’, காலடி. நம் வாக்கியத்தின் ‘பா’ அந்தக் காலடியேதான். இன்றும் பிரெஞ்சில் காலடிக்கு அதே சொல், அதே எழுத்து, அதே ஒலி.

முதலில் ஒவ்வொன்றுக்கும் அதற்கேற்ற வினை இருந்தது. நடப்பதோடு காலடி, சாப்பிடுவதோடு துணுக்கு. பிறகு கட்டுப்பாடு தளர்ந்தது. காலடி நடக்காத இடத்துக்கும் போனது. ‘காலடிகூடச் சாப்பிடவில்லை’ என்றால் நமக்குச் சிரிப்பு வரும். பிரெஞ்சுக்காரருக்கு ஏன் வரவில்லை? அதற்குள் ‘பா’விலிருந்து கால் கழன்றுவிட்டது, வெறும் அழுத்தம் மட்டும் மிஞ்சியது. ‘அவன் சுத்தமாகப் படிக்கவே மாட்டான்’ என்று நாம் சொல்லும்போது அதில் துப்புரவு எங்கே இருக்கிறது? அதே கதி.

போட்டியில் மற்றவர்கள் தோற்றார்கள். ‘புவேன்’ புத்தக நடையில் மட்டும் மூச்சு விடுகிறது. ‘கூத்’, கண்ணே தெரியவில்லை என்பது போன்ற ஓரிரண்டு தொடர்களில் ஒளிந்துகொண்டது. ‘மீ’ ஒரு காலத்தில் ‘பா’வுக்குச் சரியான போட்டியாளன், மறுப்பு வேலையை இழந்து பேக்கரிக்குத் திரும்பிவிட்டது. ரொட்டியின் மெத்தென்ற உட்பகுதிக்கு இன்றும் அதுதான் பெயர். சாண்ட்விச்சுக்கு வாங்கும், ஓரம் முறுகாத சதுர ரொட்டியை பிரான்சில் ‘பேன் தெ மீ’ என்று கேட்டு வாங்க வேண்டும். ‘பா’ வென்றது. வென்றதும் கட்டாயமாயிற்று. கட்டாயமானதும் அழுத்தம் போயிற்று. எல்லா மறுப்பிலும் வருகிற சொல் எதை அழுத்தும்? அப்படித்தான் ‘நெ’யும் ‘பா’வும் ஒரே மறுப்பின் இரண்டு பாதிகளாயின. துணையில்லாத பழைய ‘நெ’ அங்கங்கே உறைந்து நிற்கிறது. உலகமெங்கும் நாகரிகமாக உச்சரிக்கப்படும் ‘ழெ நெ சே குவா’வில் பாருங்கள், அதில் ‘பா’ இல்லை.

டென்மார்க்கின் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் 1917இல் எழுதிய ஒரு சிறு நூலில் இந்தச் சுழற்சியைப் பல மொழிகளில் காட்டினார். மறுப்புச் சொல் மெலிகிறது, துணைக்கு ஒன்று வருகிறது, துணையே மறுப்பாகி மூத்ததைத் துரத்துகிறது. ஆங்கிலத்திலும் இதே சுற்று நடந்து முடிந்திருக்கிறது. இன்றைய ஆங்கில ‘நாட்’ ஒரு காலத்தில் ‘ஒன்றும்’ என்று பொருள்பட்ட துணைச் சொல். இதற்கு ‘யெஸ்பர்சன் சுழற்சி’ என்று பெயரிட்டவர் சுவீடனின் ஓஸ்தென் தால், 1979இல்.

‘தெ’ இருக்கிறது இன்னும். கற்பவர்கள் அதிகம் திட்டுவது இதைத்தான். ரொட்டி சாப்பிடுகிறேன் என்று உடன்பாட்டில் சொன்னால் ‘ழெ மான்ழ் த்யூ பேன்’. ‘த்யூ’ என்பது ‘தெ’யும் ‘லெ’யும் சேர்ந்து ஒட்டியது, ரொட்டியிலிருந்து கொஞ்சம் என்று அதன் பழைய பொருள். எண்ண முடியாத பொருளில் ஒரு பகுதியை எடுப்பதை இப்படிச் சொல்லும் பழக்கம் லத்தீனிலேயே முளைவிட்டிருந்தது. 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவான லத்தீன் விவிலியத்தில், பவுலின் கடிதம் ஒன்றில், அந்த ரொட்டியிலிருந்து உண்ணட்டும் என்ற பொருளில் இதே ‘தெ’ வருகிறது. பழைய பிரெஞ்சில் இது விருப்பம்தான். வெறுமனே ‘ரொட்டி சாப்பிடு’ என்றும் சொல்லலாம். பிற்பாடு கட்டாயமாயிற்று.

மறுத்தவுடன் ‘த்யூ’ ஏன் வெறும் ‘தெ’ ஆகிறது? ‘மீ’யை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ‘மீ தெ பேன்’ சாப்பிடவில்லை என்றால் ரொட்டியின் ஒரு துணுக்கு சாப்பிடவில்லை. இங்கே ‘தெ’ மிக நியாயமாக, துணுக்கையும் ரொட்டியையும் இணைக்கிறது. ‘பா’வும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்த பெயர்ச்சொல்தான். கொஞ்சம் ரொட்டி, நிறைய ரொட்டி, ஒரு துண்டு ரொட்டி என்று அளவுச் சொல் எதைச் சொன்னாலும் பிரெஞ்சில் பின்னால் ‘தெ’ வரும். ‘பா’ அளவுச் சொல்லாக இருந்தபோது கூட்டி வந்த ‘தெ’ அது. ‘பா’ தன் பழைய பொருளை மறந்துவிட்டது, ‘தெ’ மறக்கவில்லை. பாடப்புத்தகம் இரண்டு பாடங்களில் பிரித்து வைத்த இரண்டு விதிகளும் உண்மையில் ஒன்றுதான்.

அளவைப் பூஜ்யமாக்கும் மறுப்பில்தான் ‘தெ’ என்பதால், மற்ற மறுப்புகளில் அது வராது. ‘இது ரொட்டி அல்ல’ என்பதற்கு ‘ஸெ நே பா த்யூ பேன்’, ‘த்யூ’ அசையவில்லை. எவ்வளவு ரொட்டி என்பது இங்கே கேள்வியே அல்ல, அது ரொட்டிதானா என்பதுதான் கேள்வி. நான் சாப்பிடுவது ரொட்டி அல்ல, கேக் என்று திருத்தும்போதும் ‘பா த்யூ பேன்’ நிற்கும். தமிழ் மாணவருக்கு இதில் ஒரு குறுக்குவழி கிடைக்கிறது. நாம் ‘இல்லை’ என்று சொல்லும் இடத்தில் ‘தெ’. ‘அல்ல’ என்று சொல்லும் இடத்தில் ‘த்யூ’. பேச்சில் ‘அல்ல’வைத் தொலைத்துவிட்டு எல்லாவற்றுக்கும் ‘இல்ல’ போடுகிறவர்கள் இந்த வசதியையும் தொலைத்துவிடுகிறார்கள். ரொட்டி பிடிக்காது என்பதற்கு ‘லெ பேன்’ என்று முழு ரொட்டிக்குலத்தையும் சுட்டுவார்கள். பிடிக்காமல் போவது ஒரு துண்டு அல்லவே.

இவ்வளவையும் கற்றுக்கொண்டு, ஆறு சொற்களையும் ஒழுங்காக அடுக்கி, பாரிஸ் மேசையில் ‘ழெ நெ மான்ழ் பா தெ பேன்’ என்று சொன்னால், உங்களை யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். ஆனால் பக்கத்தில் இருக்கும் பத்து வயதுப் பையன் அதே விஷயத்தை ‘ழ்மான்ழ் பா த்பேன்’ என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடியிருப்பான். ‘நெ’ எங்கே? போய்விட்டது. யெஸ்பர்சன் சொன்ன மூன்றாம் கட்டம் கண்ணெதிரே நடக்கிறது. பிரெஞ்சு மிகத் தூய்மையாகப் பேசப்படும் ஊர் என்று பெயர் வாங்கிய தூர் நகரில், அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் ஆஷ்பி 1976இல் மக்கள் பேச்சைப் பதிவு செய்தார். ‘நெ’ வர வேண்டிய இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகவே அது வந்திருந்தது. 1995இல் அதே ஊரில் மறுபடி பதிவு செய்தபோது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மான்ட்ரியாலில் 1971இல் எடுத்த பதிவுகளை கில்லியன் சாங்காஃபும் தியான் வேன்சானும் ஆராய்ந்து 1977இல் வெளியிட்ட கணக்கு இன்னும் அதிரடி: ஏறத்தாழ இருநூறு மறுப்புகளுக்கு ஒரு ‘நெ’. செய்தி வாசிப்பவர்களும் மேடைப் பேச்சாளர்களும் அதை இன்னும் காப்பாற்றிவருகிறார்கள், எழுத்து முழுவதுமாகக் காப்பாற்றுகிறது, தேர்வுத்தாள் கறாராக எதிர்பார்க்கிறது. உதவிக்கு வந்த காலடி வீட்டுக்காரனை வெளியேற்றிவிட்டது.

‘ழெ’யின் நிலைமையும் கவனிக்கத் தக்கது. அது இப்போது தனியாக நிற்க முடியாத சொல். யார் ரொட்டி வேண்டாம் என்றது என்று கேட்டால் ‘ழெ’ என்று பதில் சொல்ல முடியாது. ‘முவா’ என்று வேறு சொல்லைத்தான் சொல்ல வேண்டும். ‘ழெ’க்கும் வினைக்கும் நடுவே இதைப் போன்ற சில குட்டிச் சொற்களைத் தவிர வேறெதையும் நுழைக்க முடியாது. அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் ‘முவா, ழ்மான்ழ் பா த்பேன்’, அதாவது இரண்டு முறை ‘நான்’. ‘எனக்குத் தெரியாது’ என்பது பேச்சில் ‘ஷே பா’ ஆகிவிட்டது. ‘ழெ’ வினையின் முதல் மெய்யோடு கரைந்து ‘ஷ்’ என்ற ஓர் ஒலியாக நிற்கிறது. இது சொல் அல்ல, வினையின் முன்னொட்டு; பிரெஞ்சு வினை இப்போது வாலில் அல்ல, தலையில்தான் இடமும் பாலும் காட்டுகிறது என்று வாதிடும் மொழியியலாளர்கள் இருக்கிறார்கள். சுவாஹிலி மொழியில் வினை அப்படித்தான் இயங்குகிறது. ‘ழெ’யை ஒரே முறை சொல்லி இரண்டு வினைகளுக்குப் பொதுவாக்கலாமே, முன்னொட்டு அப்படிச் செய்யுமா என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அது பழைய காலத்தில் தன் காலில் நின்ற சொல் என்பதற்குச் சாட்சி, அரசு அலுவலகங்களில் கிடைக்கிறது. ‘கீழே கையெழுத்திடும் நான்’ என்று சான்றிதழ்களில் தொடங்கும் வாசகத்தில் ‘ழெ’, வினை பக்கத்தில் இல்லாமல் இன்னும் தனியாகத்தான் நிற்கிறது. எழுத்தர்கள் பிடிவாதக்காரர்கள்.

அசைகளை எண்ணிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். ‘பானெம் நோன் மாந்தூகோ’: ஆறு அசை. வகுப்பறைப் பிரெஞ்சின் ‘ழெ நெ மான்ழ் பா தெ பேன்’: அதுவும் ஆறு. லத்தீன் சொற்கள் பாதியாகத் தேய்ந்தாலும், அடைக்க வந்த பொடிச் சொற்கள் நீளத்தை மீட்டுக் கொடுத்துவிட்டன. பையனின் ‘ழ்மான்ழ் பா த்பேன்’ மூன்றே அசை. அடைப்புகளும் தேயத் தொடங்கிவிட்டன.

புதிய ஓட்டை எங்கே விழுகிறது என்பதும் இதே மேசையில் தெரிகிறது. ‘பா’வின் இடத்தில் ‘ப்ளூ’ என்ற சொல்லை வைத்தால், ‘இனிமேல் இல்லை’ என்று பொருள். ‘ழெ நெ மான்ழ் ப்ளூ தெ பேன்’: நான் இப்போதெல்லாம் ரொட்டி சாப்பிடுவதில்லை. சிக்கல் என்னவென்றால் அதே எழுத்துக்கூட்டலுக்கு ‘கூடுதலாக’ என்றும் பொருள் உண்டு. ‘நெ’ இருந்தவரை குழப்பமில்லை. அது முன்னால் நின்று இது மறுப்பு என்று எச்சரித்துவிடும். ‘நெ’ விழுந்ததும், ரொட்டியை விட்டுவிட்டவரும் முன்பைவிட அதிகம் தின்பவரும் ஒரே வாக்கியத்தைச் சொல்ல வேண்டிய நிலை. பேசுகிறவர்கள் இலக்கணக்காரர்களுக்காகக் காத்திருக்கவில்லை. நூற்றாண்டுகளாக ஒலிக்காமல் கிடக்கும் சொல்லிறுதி எஸ் எழுத்தை இந்த ஒரு சொல்லில் பிடித்துக்கொண்டார்கள். கூடுதலாக என்றால் ‘ப்ளூஸ்’ என்று எஸ்ஸைச் சொல்கிறார்கள்; இனி இல்லை என்றால் ‘ப்ளூ’. காதில் விழுந்தது ‘ப்ளூ’ என்றால் ரொட்டிக்கூடையை எடுத்துவிடலாம், ‘ப்ளூஸ்’ என்றால் இன்னொரு பகெத் அறுக்க வேண்டும். செல்பேசிச் செய்தியில் இந்த வசதி இல்லை. ‘நெ’ போடாமல் தட்டி அனுப்பிவிட்டால், எது சொல்ல வந்தது என்று திருப்பிக் கேட்டுத்தான் ரொட்டி வாங்கப் போக வேண்டும்.